நடுவில் படுப்பவர்கள்

கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். வாசலுக்கு முதுகு காட்டி விடுதி மேலாளர் மொரிதா. அவருக்கு வலப்பக்கம், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஹருகா என்ற நர்ஸ். இடப்பக்கம் தூத்துக்குடி ஜெபராஜ். கப்பல் பட்டறையில் வெல்டர், இன்றைக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர். வாசலிலிருந்து மிகத் தள்ளி, சன்னல் ஓரத்து நாற்காலியில் உலகம்மாள். மேசை நடுவே வெள்ளையாக ஒரு குமிழ், மொழிபெயர்க்கும் கருவி. அதையும் ஆளாகச் சேர்ப்பதா வேண்டாமா என்று உலகம்மாளுக்கு முடிவாகவில்லை.

தென்காசி நகராட்சி அலுவலகத்தில் கடிதப் பிரிவில் இருப்பவள் அவள். எந்தக் கூட்டமானாலும் யார் யார், எங்கே எங்கே என்று முதலில் மனசுக்குள் எழுதிக்கொண்டால்தான் அடுத்த வரி ஓடும். கடல் தாண்டி ஜப்பானின் கோபே நகரத்துக்கு வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை.

"என்ன தம்பி, என்னை மட்டும் மூலையில கொண்டு உக்கார வச்சிருக்காவ? எந்திரிச்சு ஓடிருவேன்னு நெனச்சாவளா?"

"ஐயோ மதினி, இங்க அதுதான் மரியாதை. வாசலுக்குத் தூரமா இருக்கிறதுதான் பெரிய ஆளு நாற்காலி. நம்ம ஊர்ல சம்பந்தக்காரனுக்கு மொதப் பந்தியில எலை போடுத மாதிரி."

மொரிதா எழுந்து நின்று இடுப்பு வரை குனிந்து ஏதோ சொன்னார். குமிழ் கண் சிமிட்டிவிட்டுப் பேசியது: "தங்கள் அன்புக் கணவரின் மறைவு குறித்து எமது விடுதி ஆறாத் துயர் கொள்கிறது. தாங்கள் தங்கள் கோரிக்கையைத் தெரிவித்தருளலாம்."

"இது என்ன, கண்ணீர் அஞ்சலி போஸ்டரை வாசிக்குத மாதிரி வாசிக்குது? அமத்து தம்பி. நீயே சொல்லு."

ஜெபராஜ் குமிழின் தலையில் தட்டி அதை அமர்த்தினான். ஆக, நான்கு பேர்தான்.

கோரிக்கை என்று அவள் கொண்டுவந்தது ஒன்றே ஒன்று. தன் புருஷனின் மூச்சை இந்த விடுதி இனிமேல் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

விடுதியின் பெயர் நெமுரிகுமோ. தூங்கும் மேகம் என்று அர்த்தமாம். மேகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீளமான கூடத்தின் இரு பக்கச் சுவரிலும் மேலும் கீழுமாகப் படுக்கைக் கூடுகள். ஒரு கூட்டில் ஓர் ஆள் படுக்கலாம், எழுந்து உட்காரலாம், நிற்க முடியாது. முதல்முறை பார்த்தபோது உலகம்மாளுக்குத் தன் அலுவலகத்தில் தபால்களைப் பிரித்துப் போடும் மர அறைகள்தான் ஞாபகம் வந்தன. ஆளை உறைபோல உள்ளே தள்ளி, விடிந்ததும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியொரு கூட்டில்தான், நாற்பத்தேழாம் எண் கூட்டில், அவள் புருஷன் குற்றாலிங்கம் இரண்டு வருஷம் படுத்தெழுந்தான். கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் குழாய் பொருத்துகிற வேலை. தங்க இடம் இது என்று ஒப்பந்தக்காரர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். அதற்கு நேர் கீழ்க்கூட்டில் ஜெபராஜ். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்து மீன் கடையில் வரிசையில் நின்ற குற்றாலிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழவில்லை. உடம்பு பெட்டியில் ஊருக்கு வந்தது. மூச்சு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது என்பது, போன மாதம் ஜெபராஜ் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"எப்படி எடுத்தாவன்னு அவரையே சொல்லச் சொல்லு," என்றாள் இப்போது.

மொரிதா நிதானமாகச் சொன்னார். ஜெபராஜ் தன் பாணியில் அதை இறக்கி வைத்தான்.

"மதினி, மெத்தைக்குள்ளயும் சுவத்துக்குள்ளயும் காது மாதிரி ஒண்ணு வச்சிருக்காங்க. படுத்தவன் எப்படி மூச்சு விடுதான், மெத்தை எப்படி ஏறி எறங்குது, எல்லாத்தையும் அது படிச்சுக்கிடும். மொதல்ல ஒடம்புக்கு ஒண்ணு ஆயிட்டா தெரியட்டும்னுதான் வச்சாங்களாம். பொறவு பாத்தா, தூக்கம் வராத ஆளுக்கு நல்லாத் தூங்குற ஆளோட மூச்சைப் பக்கத்துல போட்டா அவனும் தூங்கிருதான். தொணை மூச்சுன்னு பேரு. மெத்தை ஒரு ஓரத்துல ஏறி எறங்கும், இளஞ்சூடா இருக்கும், சத்தமும் வரும். ஆள் இல்ல, ஆனா ஆள் இருக்க மாதிரி."

"பொம்பளை துணைக்குப் படுக்கிற மாதிரியா?"

"ச்சே, அப்படியில்ல மதினி. ரயில்ல எதிர் பர்த்துல குடும்பம் இருந்தா நம்ம நிம்மதியாத் தூங்குவோம்ல, அந்த மாதிரி." ஜெபராஜின் காது சிவந்திருந்தது. "இந்த ஊருல தனியாத் தூங்குற சனம் சாஸ்தி. சேருத அன்னைக்கே அண்ணாச்சி அதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்காரு. நானும் போட்டேன். என் மூச்சை யாரும் கேக்கல, குறட்டைன்னு தள்ளிட்டாங்க. அண்ணாச்சி மூச்சுதான் இங்க நம்பர் ஒண்ணு. நாப்பத்தேழுன்னா எல்லாருக்கும் தெரியும். கெடைக்கலன்னா காத்துக் கெடந்து வாங்குதாங்க."

மொரிதா இடையில் மெல்ல ஏதோ சேர்த்தார்.

"ஆரம்பத்துல ராத்திரி மொதப் பாதியில அண்ணாச்சி நெஞ்சுல விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சாம். எளைப்பு நோவா இருக்குமோன்னு பயந்து, டாக்டர்ட்ட போங்கன்னு மரியாதையாச் சொன்னாங்களாம். அண்ணாச்சி சிரிச்சுக்கிட்டே சரின்னாராம். அதனால அந்த மொதப் பாதியை வெட்டிட்டு, ஆழ்ந்த தூக்கத்துல உள்ளதை மட்டும்தான் எடுத்தாங்களாம்."

"அவியளுக்கா எளைப்பு? ஐந்தருவிக்கு நடந்தே ஏறுத ஆளு." உலகம்மாள் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "செத்த மனுசன் மூச்சை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கதுக்கு இவ்வளவு மரியாதை எதுக்குன்னு கேளு."

ஜெபராஜ் அதைப் பாதியாகக் குறைத்துத்தான் சொல்லியிருப்பான். ஆனால் மொரிதாவின் முகத்தைப் பார்த்தால் முழுசும் போய்ச் சேர்ந்தது போலத்தான் இருந்தது. அவர் சொன்ன பதில் சுருக்கம். இறந்தவரின் மனைவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் போதும், அன்றைக்கே அழித்துவிடுவோம். அழித்தால் திரும்பக் கிடைக்காது. அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை அதைக் கேட்டுவிடுங்கள்.

அதுவரை பேசாமலிருந்த ஹருகா அப்போதுதான் வாயைத் திறந்தாள். முப்பது வயதிருக்கும். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நாற்பத்தேழை அழிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளாக வந்திருந்தாள். ராத்திரி வேலை முடிந்து நேராக வந்த கண்கள்.

"இந்தப் பிள்ளை உங்கட்ட மன்னிப்புக் கேக்குது மதினி. அதுதான் அதிகமா அந்த மூச்சை வாங்கித் தூங்குனதாம். உங்க வீட்டுக்காரர்னு தெரியாதாம். தெரியாம..." ஜெபராஜ் வார்த்தையைத் தேடினான். "தெரியாமப் பக்கத்துல படுத்துட்டேன்னு சொல்லுது."

உலகம்மாளுக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. அந்தப் பெண் குனிந்த தலையை நிமிர்த்தாமலே இருந்ததைப் பார்த்து, "சரி, சரி, எந்திரிக்கச் சொல்லு," என்றாள்.

பெண்கள் தளத்துக்கு ஹருகாதான் கூட்டிப்போனாள். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூட இல்லை. செருப்பை எங்கே கழற்ற வேண்டும், வேறு செருப்பை எங்கே போட வேண்டும் என்பதெல்லாம் கைச்சாடைதான். விடுதி கொடுத்த சாம்பல் நிறப் பைஜாமாவை உலகம்மாள் மடித்தபடியே திருப்பிக் கொடுத்தாள். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிக் கூட்டுக்குள் போனாள். உள்ளே வாசனையே இல்லை. தலைமாட்டில் சின்ன விளக்கு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தட்டு, கால்மாட்டில் கதவுக்குப் பதில் இறக்கிவிடும் திரை. ஹருகா ஏதோ பொத்தானைத் தொட்டுவிட்டுத் திரையை இறக்கினாள். மத்தியான வெளிச்சம் ஒரு கோடாகச் சுருங்கி மறைந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு இடப்பக்கம், சுவரை ஒட்டி, மெத்தை மெல்ல எழும்பியது.

இடப்பக்கம். அவன் எப்போதும் அந்தப் பக்கம்தான். வீட்டுக் கட்டிலிலும் சுவரோடு ஒட்டிக்கொண்டு, தேவைக்கு மேலே இடம் விட்டுப் படுப்பான். ஆளில்லாத கூட்டில் தனியாகப் படுத்தபோதுகூட அந்த வழக்கத்தை விடவில்லை போலிருக்கிறது. மூச்சு உள்ளே போனது. ஏதோ யோசிப்பது போல நின்றது. பிறகு யாரோ கேட்ட கேள்விக்குச் சரி என்பது மாதிரி ஒரு சின்ன 'ம்'மோடு வெளியே வந்தது. விடுதி கொடுக்கும் மூச்சு அண்ணாச்சியுடையதுதான் என்று ஜெபராஜ் இதை வைத்துத்தான் கண்டுபிடித்தானாம். அவன் வேண்டுமா கண்டுபிடிக்க? அவள் கண்டுபிடிக்க மாட்டாளா? இந்த 'ம்'முக்கு எத்தனை நாள் பொய்க் கோபம் கொண்டிருக்கிறாள். 'என்ன கேட்டேன்னு தலையாட்டுதிய, தூக்கத்துல?' உலகம்மாள் கையை நீட்டி அந்த மேட்டின் மேல் வைத்தாள். இளஞ்சூடாக இருந்தது. அழுகை வந்தது. ஒன்றரை வருஷமாகப் பாதி ராத்திரியில் விழித்துக்கொண்டு விடியும்வரை சுவரைப் பார்த்துக் கிடந்த உடம்பு, எலும்பெல்லாம் கழன்றது போல மெத்தையில் இறங்கியது.

கண் சொருகும் நேரத்தில்தான் அதைக் கேட்டாள்.

வலப்பக்கம் இன்னொரு மூச்சு.

முதலில் தன்னுடையதுதான் என்று நினைத்தாள். மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். அது நிற்கவில்லை. மெல்லியது. அவனுடையதைவிட வேகமானது. மூக்கு லேசாக அடைத்திருப்பது போல முடிவில் ஓர் இழுப்பு. சந்தேகமே இல்லை, ஒரு பெண்ணின் மூச்சு. அவன் 'ம்' என்று விடும்போதெல்லாம், அதற்குக் காத்திருந்தது போல அது உள்ளே இழுத்தது.

உலகம்மாள் விருட்டென்று எழுந்தாள். உச்சந்தலை கூரையில் மோதியது. திரையைத் தள்ளிக்கொண்டு இறங்கி, செருப்புகளைத் தேடாமல் வெறுங்காலோடு நடந்தாள். ஹருகா ஒரு கையில் இரண்டு செருப்புகளோடு பின்னாலேயே ஓடி வந்தாள்.

மறுபடியும் அதே நால்வர், அதே நாற்காலிகள். ஆனால் உலகம்மாள் உட்காரவில்லை.

"அழிச்சிரச் சொல்லு. இப்பவே. எங்க கையெழுத்துப் போடணும்?"

"மதினி, என்னாச்சு?"

"என்னாச்சா? யாரு அந்தப் பொம்பளை?"

ஜெபராஜின் கண்கள் மேசைக்கு இறங்கின. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு. மேல என்ன நடக்குன்னு கீழ படுத்திருந்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்? ரெண்டு வருசம், அண்ணாச்சி அண்ணாச்சின்னு அவிய வாங்கித் தந்த மீனைத் தின்னுக்கிட்டு... அவிய சாவுக்கு வந்து எங்க வீட்டு முத்தத்துல நின்னு அழுதியே, அப்பக்கூட வாயைத் தொறக்கலையே நீ!"

"மதினி, சத்தியமா அப்படி ஒண்ணும்..."

"பக்கத்துலயே படுத்திருக்கா. மூச்சை மூச்சு தொடுது. நான் என்ன கேணச்சியா?"

மொரிதாவுக்கு விஷயம் புரிந்தபோது அவர் இரண்டு கைகளையும் ஆட்டினார். கூட்டுக்கு ஓர் ஆள்தான். அந்தத் தளத்தில் பெண்கள் கால் வைக்கவே முடியாது. கையில் கட்டிய அடையாளப் பட்டையைக் காட்டாமல் லிப்ட் நகராது. இரண்டாவது மூச்சு என்று ஒன்றே கிடையாது. நாற்பத்தேழின் மூச்சு கொஞ்சம் அபூர்வமான இரட்டைத் தாளம், அவ்வளவுதான். பொறியாளர்களே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அதற்கு இத்தனை மவுசு. அதோடு அந்த மழைத்துளி.

"என்ன மழைத்துளி?"

மொரிதா ஒரு வழவழப்பான அட்டையை அவள் பக்கம் தள்ளினார். ஜெபராஜ் வாசித்தான். "'நாற்பத்தேழு. ஆழ்ந்தது, இரட்டைத் தாளம். பின்னணியில் தென்தேசத்து மழைத்துளி.' அண்ணாச்சி நெஞ்சுக்குள்ள அப்படி ஒரு சத்தம் கேக்குதாம் மதினி. எங்கயிருந்து வருதுன்னு யாருக்கும் தெரியல. ஆனா கேக்கிறவங்களுக்குப் புடிச்சுப்போச்சாம்."

ஹருகா தலையாட்டினாள். எப்படியிருக்கும் என்று காட்டுவதற்காக விரல் நகத்தால் மேசையைத் தட்டினாள். டக். ஓர் இடைவெளி. டக்-டக். நீண்ட இடைவெளி. டக்.

அடுத்த டக்-டக்கை உலகம்மாளின் விரல் தட்டியது.

ஹருகா திகைத்துப் பார்த்தாள். உலகம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். இன்னும் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"மழைத்துளி இல்ல," என்றாள். "எங்க வீட்டு ஃபேனு."

ஜெபராஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடங்கினான். முதலில் மொரிதாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

"இங்க கூட்டுக்குள்ள போன் பேசக் கூடாது மதினி. விதி. மாட்டுனா வெளிய அனுப்பிருவாங்க. ஆனா அண்ணாச்சி தெனமும் உங்களுக்குப் போன் போட்டு, வலது கைப் பக்கத் தட்டுல தொறந்தபடியே வச்சிட்டுத் தூங்குவாரு. பேச மாட்டாரு. 'பேசுனாத்தானலே தப்பு? நான் சும்மா தொறந்துல்லா வச்சிருக்கேன்'ம்பாரு. யார்ட்டயும் சொல்லாதன்னு சொல்லியிருந்தாரு, நானும் சொல்லல. நீங்க இங்க வந்து கேப்பீங்க, கேட்டா உங்களுக்கே தெரியும்னு நெனச்சேன். வேற மாதிரி நெனப்பீங்கன்னு..."

போனைத் திறந்து வைத்துத் தூங்குவது உலகம்மாளுக்கா தெரியாது? அதைத் தொடங்கியதே அவள்தான். அவன் ஜப்பானுக்குக் கிளம்பிய புதிதில் தனி வீட்டில் அவளுக்குப் பயம். 'பேச வேண்டாம், வச்சிராதிய, அது போதும்' என்றாள். இங்கே அவன் படுக்கும் நேரம் அங்கே அவள் சோறு வடிக்கும் நேரம். வேலையெல்லாம் முடித்து, போனைத் தலையணை ஓரம் வைத்து அவளும் தூங்கிப்போவாள். அவன் எழும்போது அங்கே நடுச்சாமம். 'நீ தூங்கு புள்ள' என்று கிசுகிசுத்துவிட்டு வைப்பான். இரண்டு வருஷம் ஒரு நாள் தவறியதில்லை. ஆனால் அந்தப் பக்கம் தன் மூச்சு எப்படிப் போய் விழுந்தது என்று அவள் எப்போதாவது நினைத்தாளா? தன் தூக்கத்தைத் தானே கேட்டவர்கள் உலகத்தில் யார்?

"அப்ப அந்த விசிலு?" என்றாள் திடீரென்று.

"எந்த விசிலு மதினி?"

"ராத்திரி மொதப் பாதியில விசிலு கேட்டுச்சுன்னாரே. அது குக்கருடா! பருப்புக்கு மூணு விசிலு விடுவேன்!"

அவள் சிரித்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். ஜெபராஜும் சிரித்தபடியே மொழிபெயர்த்தான். ஹருகா வாயைப் பொத்திக்கொண்டாள். மொரிதா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. எழுந்து நின்று, முன்பு குனிந்ததைவிட ஆழமாகக் குனிந்து, அப்படியே நின்றார்.

"என்ன இப்ப?"

"நீங்க கையெழுத்தே போடலையே மதினி. அண்ணாச்சி போட்டாரு. உயிரோட இருக்கிற ஒருத்தரோட மூச்சை அவங்களுக்குத் தெரியாம எடுத்து ஊரெல்லாம் குடுத்துட்டோம்னு வெக்கப்படுதாரு. இன்னைலயிருந்தே நிப்பாட்டுதேன்னு சொல்லுதாரு. ஒரு வழி இருக்காம். பொறியாளர்ட்ட சொன்னா ரெண்டையும் உரிச்சுப் பிரிச்சிருவாராம். உங்களுதையும் ஃபேனையும் எடுத்துட்டா அண்ணாச்சி மட்டும் தனியா நிப்பாரு. உங்களுக்குச் சங்கடம் இல்ல."

அண்ணாச்சி மட்டும் தனியாக.

ஹருகா வேகமாகப் பேச ஆரம்பித்தாள். பேசும்போது யாரையும் பார்க்கவில்லை. ஜெபராஜ் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துத் தந்தான்.

"அது வேலை பாக்கிற வார்டுல எல்லாரும் மெஷின் மூச்சுல கெடக்கிறவங்களாம். ராத்திரி முழுக்க மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் நடக்குமாம். சத்தம் நின்னா ஒருத்தர் போயிட்டாருன்னு அர்த்தம். வீட்டுக்குப் போனா சத்தமே இல்லையாம். அதனால தூக்கம் வராது. வேற தொணை மூச்சும் வாங்கிப் பாத்திருக்கு. ஆனா ஒத்தை மூச்சுன்னா, நிக்குமோ நிக்குமோன்னு அதையே காவல் காத்துக்கிட்டுக் கெடக்குமாம். நாப்பத்தேழுல ஒண்ணு நின்னு யோசிக்கும்போது இன்னொண்ணு ஓடிக்கிட்டு இருக்கு. ரெண்டு பேரு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிடுதாங்க, நான் பாக்க வேண்டியதில்லன்னு அப்பத்தான் தூங்குமாம்."

ஹருகா கைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, மழைத்துளி அட்டையின் பின்பக்கத்தில் மூன்று கோடுகள் கிழித்தாள். செங்குத்தாக, பக்கத்தில் பக்கத்தில். ஓரக் கோடுகள் நீளம். நடுக்கோடு குட்டை.

"இது இவங்க எழுத்து மதினி. ஆறுன்னு அர்த்தம். ஆத்துத் தண்ணி ஓடுதுல்லா, அந்த ஆறு. ஆனா வீட்டுல இதை வேறொண்ணுக்கும் சொல்லுவாங்க. அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், நடுவுல பிள்ளை. அப்படிப் படுக்கிறதுக்கு 'ஆறு மாதிரி படுக்கிறது'ம்பாங்க. நாப்பத்தேழுல படுத்தா அந்த மாதிரி இருக்கும், ஏன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதுங்குது."

உலகம்மாள் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

கல்யாணமாகி எத்தனையோ ஆஸ்பத்திரி, எத்தனையோ கோயில். பிறகு இருவரும் பேசாமலே அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். ஆனால் அவன் மட்டும் கடைசி வரை சுவரோடு ஒட்டிக்கொண்டு, நடுவில் இடம் விட்டுத்தான் படுத்தான். ஏன் இப்படி ஒண்டிக்கிடுதிய என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானோ என்ற பயம்.

அவள் அந்தக் குட்டைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊருல தெரிஞ்சா சிரிப்பாவ," என்றாள் கடைசியில், தனக்குத்தானே சொல்வது போல. "உலகம்மா மூச்சை ஜப்பான்ல வாடகைக்கு விட்டுருக்கான்னு ஆபீசே சிரிக்கும்."

"நான் சொல்லவே மாட்டேன் மதினி."

"நீ சொல்ல மாட்ட. அதுதான் தெரியுதே." குரலில் கோபம் இல்லை. "நான் முடிவு சொல்லணும்னா இப்பவே சொல்லிரலாமா?"

முடியாது என்றார் மொரிதா. ஒப்புதலை எதிரில் உட்கார வைத்து வாங்கினால் வற்புறுத்தி வாங்கியது போலாகும். வெளியே போய், யோசித்து, எழுதி, தபாலில் அனுப்ப வேண்டும். அதுதான் விதி. அதுவரை நாற்பத்தேழு யாருக்கும் கிடையாது. உலகம்மாளுக்கு மட்டும் ஒரு ராத்திரி, வேண்டுமானால்.

உலகம்மாள் ஹருகாவைப் பார்த்தாள். இன்றைக்கு இந்தப் பெண் எங்கே போய்த் தூங்குவாள்?

"இந்தப் பிள்ளைக்கும் குடுக்கச் சொல்லு," என்றாள். "வேற கூட்டுல. ஒரே மூச்சை ரெண்டு கூட்டுல போடலாம்லா?"

மறுநாள் காலை ஜெபராஜ் வந்து கூடத்தில் காத்திருந்தான். காலைச் சாப்பாட்டு நேரம் முடிந்தாயிற்று. விடுதிக்காரர்கள் மேசை துடைக்கவும் தொடங்கிவிட்டார்கள். மதினியைக் காணோம். பயந்துபோய் மொரிதாவிடம் ஓடினான். மொரிதா உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அவள் வந்தபோது வெயில் சன்னலைத் தாண்டி மேசைக்கு ஏறியிருந்தது. கன்னத்தில் தலையணைச் சுருக்கம். தலை கலைந்திருந்தது. ஒன்றரை வருஷத்தில் முதல்முறையாக அலாரம் அடித்தும் எழாமல் தூங்கியவளின் முகம்.

"எந்திரிக்கவே முடியல தம்பி. உளுந்து மூட்டையைத் தூக்கி மேல வச்ச மாதிரி. பேப்பர் வாங்கிக் குடு."

எழுத ஆரம்பித்தால் அவள் வேறு ஆள். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் அததன் இடத்தில் உட்கார்ந்தன. ஜெபராஜ் எட்டிப் பார்த்து, அடுத்த தாளில் அதை ஜப்பானியத்தில் எழுதிக்கொண்டே வந்தான்.

'பொருள்: நாற்பத்தேழாம் எண் துணை மூச்சு, ஒப்புதல் அளிப்பது தொடர்பாக.

மேற்படி மூச்சில் என் கணவர் குற்றாலிங்கம் அவர்களுடையதும் என்னுடையதும் எங்கள் வீட்டு மின்விசிறியுடையதும் கலந்திருப்பதை நேரில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மூன்றையும் பிரிக்காமல், உள்ளது உள்ளபடி வைத்துக்கொள்ள இதன் மூலம் ஒப்புகிறேன். எக்காரணம் கொண்டும் அவரைத் தனியாக வைக்கக் கூடாது. மழைத்துளி என்று அட்டையில் அச்சிட்டிருப்பது தவறு. மின்விசிறி என்று திருத்த வேண்டும். யார் இவர்கள் என்று படுப்பவர்கள் கேட்டால், புருஷன் பெண்டாட்டி என்று சொல்லலாம். அவர் விதியை மீறிச் செல்பேசியைத் திறந்து வைத்தது என் பொருட்டு. அதை மறைத்ததற்காக ஜெபராஜ் என்பவர்மேல் நடவடிக்கை வேண்டாம்.'

"என் பேரை எதுக்கு மதினி இழுக்குதிய?"

"இழுக்கல, காப்பாத்துதேன். எழுது."

"அந்த ஃபேனு இப்ப ஓடுதா?"

"பதினாறாம் நாளுக்குச் சனம் வருதுன்னு எங்க அண்ணன் கழட்டிட்டுப் புதுசு மாட்டிட்டான். சத்தமே போடாது." பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் யோசித்தாள். "அன்னைல இருந்துதான் எனக்குத் தூக்கமில்ல. அவிய போனதுக்குன்னு நெனச்சேன். அதுவும் உண்டு. பழசு பரண்லதான் கெடக்கு. போனதும் மாட்டணும்."

"ரிப்பேர் பாத்துட்டா?"

"பாக்காம."

கையெழுத்துப் போட்டாள். தேதி எழுதினாள். எல்லாம் முடிந்தது என்று ஜெபராஜ் உறையை நீட்டியபோது அவள் தாளைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தாள். கையெழுத்துக்குக் கீழே, அலுவலகக் கடிதத்தில் எதுவுமே இருக்கக் கூடாத இடத்தில், மூன்று கோடுகள் கிழித்தாள். ஓரத்தில் இரண்டு நீளம். நடுவில் ஒன்று குட்டை. அது கோணலாக வந்தது. அடித்துத் திருத்தாமல் விட்டுவிட்டாள்.

இரண்டு தாள்களையும் மூன்றாக மடித்து உறைக்குள் போட்டு, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தினாள். விடுதி வாசலுக்கு நேர் எதிரே, தெருவைத் தாண்டினால் சிவப்புத் தபால் பெட்டி. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே மொரிதா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஹருகா இன்னும் எழுந்து வரவில்லை.

"இந்தா தெரியுது வாசலு," என்றான் ஜெபராஜ். "விதி தபாலுன்னாலும், கைல குடுத்தா முடிஞ்சுது. இது ஊரெல்லாம் சுத்திட்டு நாளைக்கு இதே கதவுக்குத்தான் வரும் மதினி."

"சுத்தட்டும். கைல குடுத்த கடிதத்துக்கு எந்த ஆபீஸ்லயும் நம்பர் விழாது," என்று சொல்லி, உறையைப் பெட்டியின் வாய்க்குள் தள்ளினாள். அடியில் அது விழுந்த சத்தம் கேட்டபிறகே கையை எடுத்தாள்.